பல் முளைத்த பெல்ட்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினையும் பின் சக்கரத்தையும் இணைப்பது எது? "சங்கிலி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நம் தெருவில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு அது சரியான விடைதான். ஆனால் சில வண்டிகளில் சங்கிலி இராது. எண்ணெய்ப் பிசுக்கும் இராது. கறுப்பு நிறத்தில், ஓர் அங்குல அகலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில், உட்புறம் வரிசையாகப் பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பெல்ட் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஏத்தர் 450 மின் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தை அடுத்த முறை பார்க்கும்போது சற்றுக் குனிந்து பாருங்கள். பெல்ட் தெரியும்.

இந்தப் பெல்ட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன் அல்லவா! ஒரு விடுமுறை நாளில் என் அக்காள் மகன் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டான்.

அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஒருவர் ஓட்டிய ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் 750 வண்டியை விலைக்கு வாங்கியிருந்தான். 749 கன சென்டிமீட்டர் எஞ்சின், 220 கிலோவுக்கு மேல் எடை. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு அறிமுகமாகி 2020 வரை தயாரான வண்டி அது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது பின் டயர் மொட்டையாகியிருந்தது. புது டயரை அவனே வாங்கி வைத்திருந்தான். ஆனால் எங்கள் ஊர் டயர்க் கடைக்காரர் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "சக்கரத்தைக் கழட்டிக் கொண்டாங்க தம்பி, பத்து நிமிஷத்துல டயர மாத்தித் தாரேன். இந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை. அன்றைக்கு எனக்கு அந்த அறிவு இல்லை. "நாமே கழற்றுவோம் வா" என்று சொல்லிவிட்டேன்.

என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதைச் சொல்லுமுன் பெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் அரிசி ஆலையில் ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. கூரையை ஒட்டி ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து தட்டையான பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். பெல்ட் வழுக்கினால் பிசின் தூளைத் தூவுவார்கள். அங்கே பெல்ட் மாட்டும் பெரியவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருக்கும். ஓடுகிற பெல்ட்டைக் கட்டையால் தள்ள வேண்டிய இடத்தில் ஒருநாள் கையால் தள்ளிவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தட்டைப் பெல்ட் உராய்வை மட்டுமே நம்பியிருக்கிறது. பெல்ட் சக்கரத்தைச் சுற்றிச் செல்லும்போது ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கும். இரண்டு இழுவிசைகளின் வேறுபாடுதான் சக்கரத்தைத் திருப்புகிறது. பெல்ட் அரைவட்டம் சுற்றியிருந்து உராய்வுக் குணகம் 0.3 ஆனால், இறுகிய பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரைதான் போகலாம். அதற்கு மேல் போனால் வழுக்கிவிடும்.

இதை மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்ப்போமா? வண்டியும் ஆளும் சேர்ந்து 300 கிலோ. விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்ற முடுக்கத்தில் கிளம்புகிறது. டயர் தரையில் கொடுக்க வேண்டிய விசை 900 நியூட்டன். டயரின் ஆரம் 30 செ.மீ., பின் சக்கரத்துப் புல்லியின் ஆரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பெல்ட்டின் இரு பக்க இழுவிசை வேறுபாடு 900 × 30 ÷ 12, அதாவது 2250 நியூட்டன். தட்டைப் பெல்ட்டால் இதைச் செய்ய வேண்டுமானால் தளர்ந்த பக்கத்திலேயே 1400 நியூட்டனுக்கு மேல் இருக்க வேண்டும். இறுகிய பக்கம் 3700 நியூட்டனைத் தொடும். வண்டி சும்மா நிற்கும்போதுகூட இத்தனை இழுப்பையும் பேரிங்குகள் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்! தொடக்க காலத்து மோட்டார் சைக்கிள்கள் தோல் பெல்ட்டுடன்தான் ஓடின. எஞ்சின்களின் வலு கூடக்கூட அவை சங்கிலிக்கு மாறியது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

பெல்ட்டுக்குப் பல் முளைத்ததும் கதை மாறியது. 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காகப் பல் பெல்ட் உருவாக்கப்பட்டது. ஊசியும் கீழேயுள்ள நூல் கண்டும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து இயங்க வேண்டும். அதற்கு வழுக்காத பெல்ட் தேவைப்பட்டது. ஆனால் மோட்டார் சைக்கிளின் இழுப்பைத் தாங்க ரப்பரும் சாதாரண நூலும் போதாது. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெபனி குவோலக் கண்டறிந்த இழை பின்னாளில் கெவ்லார் என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே எடையில் எஃகைவிடப் பல மடங்கு வலுவான இழை அது. கெவ்லார் இழைகளை உள்ளே வைத்த பல் பெல்ட்டை 1980இல் ஸ்டர்ஜிஸ் என்ற மாதிரியில் ஹார்லி டேவிட்சன் பொருத்தியது. பெல்ட் மறுபடியும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பி வந்தது. இப்போது கார்பன் இழை வைத்த பெல்ட்டுகளும் உண்டு.

வலுவான இழைதான், ஆனால் அதற்கொரு பலவீனம். இழுத்தால் தாங்கும், மடித்தால் தாங்காது. தோட்டத்து ரப்பர்க் குழாயை மடிப்பதுபோல் இந்தப் பெல்ட்டை மடிக்கக் கூடாது. முன் புல்லியின் விட்டத்தைவிடச் சிறிய வளையமாகச் சுருட்டக் கூடாது. பற்கள் வெளிப்பக்கம் வரும்படி புரட்டக் கூடாது. வெளியே ஒரு கீறலும் தெரியாது, உள்ளே இழை முறிந்திருக்கும். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினாலும் இதே கதி. என்றோ ஒருநாள் நெடுஞ்சாலையில் அது அறுந்துபோகும்போது யாரும் அந்த ஸ்குரூ டிரைவரை நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் பள்ளி மாணவர்கள். இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் யாராவது செய்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். எது எதற்காக என்று கேளுங்கள்.

பின் சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவையை ஸ்விங் ஆர்ம் என்பார்கள். சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சு இந்தக் கவையின் இரு முனைகளிலும் உள்ள நீள்துளைகளில் உட்கார்ந்திருக்கும். துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருப்பதால் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்த்துவதற்கு இரு பக்கமும் அட்ஜஸ்டர் என்ற திருகுகள் இருக்கும். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றியவர்களுக்கு இது புதிதல்ல.

முதல் வேலை, அச்சின் பெரிய நட்டைத் தளர்த்துவது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஏன்? அந்த நட்டை 100 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனில் முடுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரால் திறக்கக் கிட்டத்தட்ட 670 நியூட்டன் வேண்டும். ஒரு முழு ஆள் தன் எடையோடு ஏறி நிற்பதற்குச் சமம். 50 செ.மீ. கைப்பிடி என்றால் 200 நியூட்டன் போதும். அந்த 200 நியூட்டனும் உயரே நிற்கும் 220 கிலோ வண்டியைச் சாய்க்கத் தாராளமாகப் போதும். நாங்கள் கியரில் போட்டு, முன் பிரேக் பிடியைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி, முன் சக்கரத்துக்கு இருபுறமும் செங்கல் வைத்தோம். நட்டு "டக்" என்ற சத்தத்தோடு இளகியது. அதன் பிறகுதான் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பேடாக் ஸ்டாண்டில் பின்பக்கத்தைத் தூக்கினோம். பெல்ட்டின் மேலுள்ள மறைப்பையும் கழற்றி வைத்தோம்.

சங்கிலியாக இருந்தால் அதன் இணைப்புக் கண்ணியைக் கழற்றி எடுத்துவிடலாம். பெல்ட்டுக்கு இணைப்பே கிடையாது, தொடக்கமும் முடிவும் இல்லாத வளையம் அது. ஆகவே சக்கரத்தைத்தான் முன்னோக்கித் தள்ளிப் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். இரு அட்ஜஸ்டர்களையும் ஒரே எண்ணிக்கையில் திருப்பித் தளர்த்தினோம். எத்தனை சுற்று என்பதைத் தரையில் சாக்கட்டியால் எழுதி வைத்தான் மருமகன். பிறகு சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, சக்கரத்தை முன்னே தள்ளி, நட்டைக் கழற்றி அச்சை மெல்ல உருவினோம். பலகை இல்லாவிட்டால் அச்சு வெளியே வந்ததும் சக்கரம் காலில் விழும்.

அச்சோடு ஸ்பேசர் என்னும் இரும்பு வளையங்கள் வெளியே வரும். இடப்பக்கத்து வளையமும் வலப்பக்கத்து வளையமும் ஒரே நீளம் அல்ல. செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தோம். டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் பிரேக் காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சட்டத்தில் கட்டினோம். பிரேக் பேடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு மரச்சில்லு. டிஸ்க் இல்லாதபோது யாராவது பிரேக்கை மிதித்துவிட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கடைசியில் பெல்ட். தளர்ந்த பெல்ட்டை உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளினாலே புல்லியைவிட்டு இறங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் எனக்கு அரிசி ஆலைப் பெரியவர் நினைவு வந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் சைக்கிள் சங்கிலியில் நமக்குப் பழகிப்போன பழக்கம். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விரல் போனால், பல் உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது அதைவிட மோசம். சாவியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே மருமகனைப் பெல்ட்டைத் தொட விட்டேன்.

டயர்க் கடையில் சொன்னபடியே பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. திரும்பி வந்து புல்லியின் பற்களைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தோம். எண்ணெயோ கிரீஸோ பெல்ட்டுக்கு வேண்டாம். பல் இடுக்கில் சிக்கிய சிறு கல் ஒன்று கிடைத்தது. பெல்ட்டுக்கு உண்மையான எதிரி அதுதான்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. அச்சு, வளையங்கள், காலிப்பர் எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்தன. இனிப் பெல்ட்டை இறுக்க வேண்டும். இங்கேதான் நான் சறுக்கினேன்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. சக்கரம் தொங்குகிறது. பெல்ட்டின் கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அட்ஜஸ்டரைத் திருகச் சொன்னேன். நன்றாக விறைத்ததும் திருப்தியோடு நிறுத்தினேன். வண்டியைத் தரையில் இறக்கினோம். மருமகன் ஏறி உட்கார்ந்தான். நான் பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தேன். வீணைக் கம்பிபோல் ஒலித்தது!

"மாமா, இது சரியா?" என்றான்.

சரியில்லை. ஏன் சரியில்லை என்பதை அங்கேயே தரையில் சாக்கட்டியால் படம் போட்டுப் பார்த்தோம். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முன் புல்லியின் மையம் ஒரு புள்ளி. அதற்குச் சற்றுப் பின்னால் ஸ்விங் ஆர்ம் கீல் போட்டிருக்கும் இடம் இரண்டாம் புள்ளி. பின் அச்சு மூன்றாம் புள்ளி. முதல் இரண்டுக்கும் இடைவெளி 8 செ.மீ., பின் இரண்டுக்கும் 55 செ.மீ. என்று கொள்வோம். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால் இரு புல்லிகளுக்கும் இடையே 63 செ.மீ. ஸ்விங் ஆர்ம் அந்தக் கோட்டிலிருந்து 10 பாகை கீழே தொங்கினால்? முக்கோணக் கணக்கு போட்டால் 62.9 செ.மீ.தான் வரும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைகிறது. அதாவது, சக்கரம் தொங்கும்போது பெல்ட் தளர்ந்திருக்கும். வண்டியில் ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் நேர்கோட்டை நெருங்கும்போது தானாகவே இறுகும். நான் தொங்கும் நிலையிலேயே முழுவதும் இறுக்கிவிட்டேன். எந்த நிலையில் வண்டியை நிறுத்தி அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் எழுதியிருப்பது வேலையில்லாமல் எழுதியதல்ல.

ஒரு மில்லிமீட்டர் அவ்வளவு பெரிதா என்று கேட்பீர்கள். ஹார்லி வண்டிகளில் பெல்ட்டைச் சோதிக்கும் முறை இது: கீழ்ப்பக்கத்தின் நடுவே 10 பவுண்டு, அதாவது சுமார் 4½ கிலோ எடைக்குச் சமமான விசை கொடுக்க வேண்டும். பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரிக்கு மாதிரி அளவு மாறும். கணக்குக்காக 10 மி.மீ. என்று கொள்வோம். இரு புல்லிகளுக்கும் இடையே நேராகத் தெரியும் பெல்ட்டின் நீளம் 60 செ.மீ. நடுவில் இழுக்கும்போது பெல்ட் ஒரு தட்டையான முக்கோணமாகிறது. விசைகளைப் பிரித்துப் பார்த்தால், பெல்ட்டின் இழுவிசை என்பது, கொடுத்த விசையை நீளத்தால் பெருக்கி, விலகலின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது. 45 × 600 ÷ 40. விடை 675 நியூட்டன். வெறும் 4½ கிலோ இழுப்பைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத 69 கிலோ இழுப்பை அளந்துவிட்டோம்! விலகல் 5 மி.மீ. மட்டும் என்றால் இழுவிசை 1350 நியூட்டன். இரு மடங்கு.

இன்னும் ஒன்று. நடுவில் 10 மி.மீ. விலகும்போது அந்த முக்கோணத்தின் இரு பக்கங்களும் சேர்ந்து 600 மி.மீ.யைவிட எவ்வளவு கூடுதல்? பிதாகரஸைக் கூப்பிடுங்கள். மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான்! அத்தனை சிறிய நீளத்தில்தான் சரியான பெல்ட்டுக்கும் தவறான பெல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. அட்ஜஸ்டர் திருகின் மரை இடைவெளி 1.25 மி.மீ. என்றால், அதன் அறுமுகத் தலையை ஒரு முகம் மட்டும் திருப்பினால் அச்சு 0.2 மி.மீ. நகரும். நான் "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னதெல்லாம் முழுச் சுற்றுகள்.

அப்படியே ஓட்டியிருந்தால் பெல்ட் ஊளையிட்டிருக்கும். கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கும். பெல்ட்டைப் போல அதைச் சுலபமாக மாற்ற முடியாது. அதற்காக மிகவும் தளர விட்டாலும் ஆபத்துதான். வேகமாகக் கிளம்பும்போது மேல்பக்கம் இறுகிக் கீழ்ப்பக்கம் தளரும் என்று பார்த்தோமல்லவா? அந்தத் தளர்ச்சி எல்லை மீறினால் பல் தாண்டும்.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து சுருள்வில் தராசு ஒன்றைக் கொண்டுவந்தேன். பெல்ட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றி அகலமான துணிப்பட்டை ஒன்றை மாட்டி, அதில் தராசின் கொக்கியைக் கோத்துக் கீழ்நோக்கி இழுத்தேன். மருமகன் அளவுகோலைப் பிடித்தான். கையேட்டில் சொன்னபடி வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நாலைந்து இடங்களில் அளந்தோம். புல்லி மிகச் சரியான வட்டமாக அமைவதில்லை. ஆகவே மிக இறுக்கமான இடம் எது என்று கண்டுபிடித்து அங்கேதான் சரிசெய்ய வேண்டும். பெல்ட்டும் ஆறியிருக்க வேண்டும், வண்டி ஓடி வந்த சூட்டோடு அளந்தால் எண் மாறும்.

இறுக்கம் சரியானால் போதாது, சக்கரம் நேராகவும் இருக்க வேண்டும். அச்சு ஒரு பக்கம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் இருந்தால், பெல்ட் புல்லியின் ஓரத்து விளிம்பில் உராய்ந்துகொண்டே ஓடி ஓரம் நைந்துபோகும். கவையில் பொறித்திருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். சைக்கிள் ஆரக்கம்பி போன்ற ஒரு கம்பியின் நுனியை வளைத்து ஸ்விங் ஆர்ம் கீலின் மையத்தில் வையுங்கள். கம்பியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தைக் கோத்து, அச்சின் மையத்துக்கு நேராக நகர்த்துங்கள். இப்போது கம்பியை மறுபக்கம் கொண்டுபோய் வைத்தால், ரப்பர் வளையம் அச்சின் மையத்தில் விழுகிறதா இல்லையா என்று பார்த்த உடனே தெரியும். நாலணா பெறாத கருவி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பெரிய நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்கினோம். முடுக்கும்போது அச்சு இம்மி நகரும். அதனால் மறுபடி ஒருமுறை தராசும் அளவுகோலும். 4½ கிலோவுக்குக் கையேட்டு அளவு வந்துவிட்டது.

மருமகன் வண்டியைக் கிளப்பினான். தெருவில் மெதுவாக முப்பது மீட்டர் போனான். தெருமுனையில் திரும்புவதற்காகப் பின் பிரேக்கை மிதித்தான். மிதி அப்படியே கீழே போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. எதிரே ஒரு சைக்கிள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கால்களை ஊன்றி நிறுத்தினான். சைக்கிளில் வந்த பையன் எதையும் கவனிக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டான். மருமகன் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

பிரேக் கெட்டுப்போகவில்லை. சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் நுழைவதற்காகப் பேடுகளை விரித்துப் பின்னால் தள்ளியிருந்தோம். இப்போது அவை டிஸ்க்கிலிருந்து விலகி நிற்கின்றன. மிதிக்கு அருகேயுள்ள சிறு பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ., காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 36 மி.மீ. என்று கொள்ளுங்கள். பரப்பில் ஒன்பது மடங்கு. பாஸ்கல் விதிப்படி விசை ஒன்பது மடங்காகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அதே ஒன்பதின் மறுபக்கம்: காலிப்பர் பிஸ்டன் 2 மி.மீ. முன்னே வர வேண்டுமானால் சிறு பிஸ்டன் 18 மி.மீ. நகர வேண்டும். ஒரே மிதியில் அத்தனை தூரம் அது போகாது. நாலைந்து முறை மிதித்த பிறகுதான் பேடுகள் டிஸ்க்கைத் தொடும், மிதியும் கெட்டியாகும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை, ஐந்து விநாடி வேலை. பெல்ட்டின் மூன்றில் ஒரு மில்லிமீட்டரிலேயே எங்கள் கவனம் முழுவதும் இருந்தது. இதை மறந்தவன் நான்தான், அவன் அல்ல. அவனிடமும் அப்படியே சொன்னேன்.

நின்ற இடத்திலேயே மிதித்தான். நான்காவது மிதியில் கெட்டியானது. அதன் பிறகு வீட்டுச் சுற்றுச்சுவருக்குள்ளேயே நாலு முறை உருட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் தெருவுக்கு விட்டேன்.

அந்த இழுவிசைக் கணக்கை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேசையின் இரு ஓரங்களிலோ இரண்டு நாற்காலிகளின் கால்களிலோ 60 செ.மீ. இடைவெளியில் ஒரு மெல்லிய நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு நூல் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, மேலே சொன்ன முறையில் இழுவிசையைக் கணக்கிடுங்கள். 10 மி.மீ. தாழ்ந்தால் 15 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். பிறகு நூலின் ஒரு முனையை அவிழ்த்து, அதை ஒரு சிறு கப்பியின்மீது போட்டு, முனையில் ஒன்றரைக் கிலோவைக் கட்டித் தொங்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கணக்கும் கண்ணால் பார்ப்பதும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று தெரியும். தாழ்வு மிகக் கூடினால் இந்தச் சூத்திரம் பிசகத் தொடங்கும். எந்த இடத்திலிருந்து, ஏன் என்பதை நீங்களே யோசியுங்கள்.

சென்னைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, இன்னிக்குக் காலையில அளந்தேன். அதே அளவுதான், மாறவே இல்லை" என்றான். எதை வைத்து அளந்தாய் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. ஆய்வகத்துச் சுருள்வில் தராசு அவன் பையிலேயே போய்விட்டிருந்தது. எங்கள் ஆய்வக உதவியாளர் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.